அகர வரிசையில் மரணம்

வாசகர்கள் துப்பறிந்த கதை: வரலாற்றுத் தொடர் – 6

*சென்ற இதழில்: ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ நாவல் 1925இல் லண்டன் ‘ஈவ்னிங் நியூஸ்’ நாளேட்டில் 54 நாள் தொடராக வந்து, 1926 ஜூனில் புத்தகமானது. அதன் முடிவைப் படித்த வாசகர்கள், அது நியாயமா மோசடியா என்று இரண்டு கட்சிகளாகப் பிரிந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி இரவு, நாவலை எழுதிய அகதா கிறிஸ்டியே காணாமல் போனார். நாடே தேடியது. டிசம்பர் 14 அன்று ஹாரோகேட் நகர விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கியிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் விளம்பரத்துக்காக நடத்திய நாடகம் என்று சிலர் சொன்னார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே வாசகர்களை அவர் மறுபடியும் சந்திக்க வந்தார்…*

20 லட்சம் துப்பறிவாளர்கள்

1935 நவம்பர் 28, வியாழக்கிழமை. லண்டன் ஃப்ளீட் தெருவில் கறுப்புக் கண்ணாடி போர்த்தி நின்றது ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ கட்டடம். பீவர்புரூக் பிரபுவின் அந்த நாளேடு அன்றைக்குச் சுமார் 20 லட்சம் பிரதிகள் விற்றது. பிரிட்டனில் பொதுத்தேர்தல் முடிந்து சரியாக இரண்டு வாரம் ஆகியிருந்தது. முசோலினியின் படைகள் அபிசீனியாவுக்குள் நுழைந்து எட்டு வாரம். இன்னொரு பெரும்போர் வந்துவிடுமோ என்ற கவலையோடு பேப்பரைப் பிரித்தவர்களுக்கு, ஸ்டீவன் ஸ்பரியர் வரைந்த ஓவியத்துடன் ஒரு புதிய தொடர்கதை காத்திருந்தது. எழுதியவர் அகதா கிறிஸ்டி.

கதை ஒரு கடிதத்தோடு சூடு பிடிக்கிறது. ஓய்வு பெற்றும் ஓயாத பெல்ஜிய துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவுக்கு வந்த கடிதம் அது. இந்த மாதம் 21ஆம் தேதி ஆண்டோவர் நகரில் என்ன நடக்கிறது, பாருங்கள் என்று சவால் விடுகிறது. கீழே பெயர் இல்லை. மூன்று எழுத்துகள் மட்டும்: ஏ.பி.சி.

ஸ்காட்லாந்து யார்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 21ஆம் தேதி வந்தது. ஆண்டோவரில் சிறிய புகையிலைக் கடை வைத்திருந்த ஆலிஸ் ஆஷர் என்ற மூதாட்டி, கடையின் உள்ளேயே தலையில் அடிபட்டு இறந்துகிடந்தார். கல்லாவின் மேல் ‘ஏபிசி ரயில்வே கைடு’ ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஊர்களை அகர வரிசைப்படி அடுக்கி, லண்டனிலிருந்து எந்த ஊருக்கு எப்போது வண்டி, என்ன கட்டணம் என்று சொல்லும் புத்தகம். 1853 முதல் அச்சாகி வந்த அது இங்கிலாந்தில் பலருடைய வீட்டிலும் இருந்தது.

அடுத்து பெக்ஸ்ஹில் கடற்கரை. பெட்டி பார்னார்டு, உணவகத்தில் பரிமாறும் இளம்பெண். தன் இடுப்புப் பட்டையாலேயே கழுத்து நெரிக்கப்பட்டிருந்தாள். பக்கத்தில் ரயில்வே கைடு. மூன்றாவதாக சர்ஸ்டன். சர் கார்மைக்கேல் கிளார்க், சீனக் கலைப்பொருள்களைச் சேகரித்துவந்த செல்வந்தர், ஓய்வு பெற்ற மருத்துவர். மாலை நடைக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கேயும் ரயில்வே கைடு.

ஊரின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, இறந்தவர் பெயரும் அதே எழுத்தில் தொடங்கியது. ஏழை மூதாட்டிக்கும் பரிமாறும் பெண்ணுக்கும் செல்வந்தருக்கும் இடையே வேறு எந்த உறவும் தென்படவில்லை. நான்காவது கடிதம் டான்காஸ்டர் என்றது. அங்கே செயின்ட் லெஜர் குதிரைப் பந்தயம் நடக்கும் அதே நாள். கதை நடப்பது 1935 கோடையில். அந்த ஆண்டின் செயின்ட் லெஜரை வென்று, ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களையும் கைப்பற்றிய ஆகா கானின் பஹ்ராம் குதிரையைப் பற்றி நாடு முழுக்கப் பேசி முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்றவர்களே இப்போது கதையைப் படித்தார்கள். அப்படியொரு நெரிசலில், ‘டி’ எழுத்துக்காரர் ஒருவரைத் தேடி ஒரு கொலைகாரன் நடக்கிறான் என்றால்?

இந்த இடத்தில்தான் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ கிறிஸ்டியின் எந்தக் கதைக்கும் அதுவரை எந்த நாளேடும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. தொடரோடு கூடவே ‘வாசகர் ஊகங்கள்’ என்று ஒரு பகுதியை வெளியிட்டது. கொலைகாரன் யார், ஏன் கொல்கிறான் என்று வாசகர்கள் ஊகித்துச் சொல்ல, அந்த ஊகங்கள் கதை முடிவதற்கு முன்பே அச்சேறின. வீட்டுத் திண்ணையிலும் ரயில் பெட்டியிலும் நடந்துவந்த வாக்குவாதம் முதன்முறையாகக் கதைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தது.

எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. இத்தனை லட்சம் பேரில் ஒருவர் விடையைச் சரியாகச் சொல்லி, அது அச்சாகி, ஊரே படித்துவிட்டால் மீதித் தொடர் என்ன ஆவது?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அந்த விடை ஏற்கெனவே அச்சாகியிருந்தது!

கப்பலில் வரக்கூடிய விடை

அமெரிக்காவின் ‘காஸ்மோபாலிட்டன்’ இதழ் 1935 நவம்பரிலேயே நாவலைச் சுருக்கி ஒரே இதழில் முழுவதுமாக வெளியிட்டிருந்தது. நியூயார்க்கிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு வரும் எந்தப் பயணியின் பெட்டியிலும் அந்த இதழ் இருந்திருக்கலாம். ஆனாலும் லண்டன் நாளேடு துணிந்து ஊகங்களை அச்சிட்டது. அன்றைய செய்தி உலகம் அந்த அளவுக்குத்தான் இணைந்திருந்தது. ஒரு ரகசியம் ஒரு கரையில் உடைந்தபின்னும் மறுகரையில் உயிரோடு இருக்க முடிந்தது.

வாசகர்கள் எந்த மனநிலையில் இந்தக் கதையைப் படித்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் இங்கிலாந்தின் பேச்சு முழுக்க ஒரு நிஜக் கொலை வழக்காக இருந்தது. 1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் மொஃபாட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் துண்டு துண்டாக வெட்டப்பட்ட இரண்டு பெண்களின் உடல்கள் கிடைத்தன. சுற்றப்பட்டிருந்த காகிதங்களில் ஒன்று ‘சண்டே கிராஃபிக்’ ஞாயிறு ஏட்டின் செப்டம்பர் 15 இதழ். அது சாதாரண இதழ் அல்ல. மோர்கம், லங்காஸ்டர் வட்டாரத்துக்கு மட்டும் அச்சிட்ட சிறப்புப் பதிப்பு. அந்தத் துண்டுக் காகிதமே காவல்துறையை லங்காஸ்டருக்கு அழைத்துச் சென்றது. அங்கே மருத்துவராக இருந்த பக் ரக்ஸ்டன், பம்பாயில் பிறந்த பார்சி, அக்டோபர் 13 அன்று கைதானார். இறந்தவர்கள் அவருடைய மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும். 1936 மே 12 அன்று மான்செஸ்டரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆக, கிறிஸ்டியின் தொடர் வந்த நாள்களில் ரக்ஸ்டன் சிறையில் விசாரணையை எதிர்நோக்கியிருந்தார். ஒரு செய்தித்தாள் துண்டு கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட வாசகர்கள் அவர்கள். எந்தச் சின்ன விஷயத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கப் பழகியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்முன்னே கிறிஸ்டி தன் மிக முக்கியமான துப்பை வெட்டவெளியில் வைத்தார்.

அந்தத் துப்பு ஒரு கேள்வி: ஏ.பி.சி. தன் கடிதங்களை ஏன் பொய்ரோவுக்கு எழுதுகிறான்?

தவறிப்போன முகவரி

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1888 செப்டம்பரில், லண்டன் ஒயிட்சேப்பலில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, ‘சென்ட்ரல் நியூஸ்’ செய்தி நிறுவனத்துக்குச் சிவப்பு மையில் ஒரு கடிதம் வந்தது. ஜாக் தி ரிப்பர் என்ற பெயர் அந்தக் கடிதத்திலிருந்துதான் உலகுக்குப் பரவியது. அதை எழுதியவர் கொலைகாரரே அல்ல, ஒரு பத்திரிகைக்காரர் என்று காவல்துறையில் சிலர் பிற்பாடு நம்பினார்கள். எப்படியானாலும் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. தொடர்ந்து கொல்கிறவன் பெயர் தேடுகிறவன். பெயர் தேடுகிறவன் பத்திரிகைக்குத்தான் எழுதுவான்.

ஏ.பி.சி. அப்படிச் செய்யவில்லை. ஸ்காட்லாந்து யார்டுக்கும் எழுதவில்லை. ஒரு தனிமனிதரின் வீட்டு முகவரிக்கு எழுதினான். முதல் இரண்டு கடிதங்களும் நேரத்துக்கு வந்தன. மூன்றாவது மட்டும், பொய்ரோ குடியிருந்த ஒயிட்ஹேவன் மேன்ஷன்ஸ் என்பதற்குப் பதில் ஒயிட்ஹார்ஸ் மேன்ஷன்ஸ் என்று முகவரி இடப்பட்டு, சுற்றி அலைந்து, தாமதமாகவே வந்து சேர்ந்தது. அதற்குள் சர்ஸ்டனில் உயிர் போய்விட்டது.

‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ வாசகர்கள் காலையில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைப் படித்தார்கள். “இவன் ஏன் எங்கள் பேப்பருக்கு எழுதவில்லை?” என்று கேட்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. நாளேட்டுக்கோ யார்டுக்கோ போகும் கடிதத்தின் முகவரி பிசகினாலும் தபால்காரர் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். தனிமனிதருக்கு வரும் கடிதம்தான் வழிதவறும். வழிதவற வேண்டும் என்று ஒருவன் நினைத்திருந்தால்?

இந்த இடத்தில் வாசகர் கையில் எல்லாம் இருந்தது. ஆனால் அவர் கவனம் வேறொரு மனிதன் மேல் போய்விட்டது. அந்த மனிதனை அங்கே நிறுத்தியவரும் கிறிஸ்டிதான்.

அவர் பெயர் அலெக்சாண்டர் போனபார்ட் கஸ்ட். முதல் உலகப்போரில் தலையில் அடிபட்டுத் திரும்பியவர். வலிப்பு நோய் உண்டு. சில சமயம் நினைவு தப்பும். வீடு வீடாகப் போய்க் காலுறை விற்றுப் பிழைக்கிறார். கந்தலான மேலங்கி, மங்கிய கண், யாரும் திரும்பிப் பார்க்காத உருவம். கதையை வழக்கம்போலச் சொல்லிவருபவர் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ். ஆனால் அவர் நேரில் பார்க்காத காட்சிகளும் இடையிடையே வருகின்றன. அவற்றில் கஸ்ட் தன் அறையில் உட்கார்ந்து ரயில்வே கைடைப் புரட்டுகிறார். கொலை நடந்த ஒவ்வொரு ஊரிலும் அவர் இருந்திருக்கிறார். அவர் பெயரின் முதல் எழுத்துகள் ஏ, பி, சி.

தான் பார்க்காததையும் ஏன் சேர்த்திருக்கிறேன் என்று ஹேஸ்டிங்ஸ் ஒரு முன்னுரையில் விளக்குகிறார். புத்தகத்தில் அது உண்டு. இடம் கருதிக் கதையைக் கணிசமாகச் சுருக்கிய ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ அந்த முன்னுரையை விட்டுவிட்டது. சில அத்தியாயங்களையும் விட்டது. எனவே நாளேட்டு வாசகர்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கஸ்டை எதிர்கொண்டார்கள்.

அவர்கள் ஏமாறினால் அது நியாயமான ஏமாற்றமா? 1926இல் எழுந்த அதே கேள்வி மறுபடியும் தலைதூக்கியது.

மண்டை ஓட்டின் மேல் சத்தியம்

‘அக்ராய்டு’ நாவல் எழுப்பிய கோபம் வீணாகப் போகவில்லை. வாசகரை ஏமாற்றலாம், ஆனால் வஞ்சிக்கக் கூடாது என்பதைத் துப்பறியும் எழுத்தாளர்கள் வெளிப்படையாக வகுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 1928இல் அமெரிக்காவின் எஸ்.எஸ். வான் டைன் இருபது விதிகள் எழுதினார். 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பத்துக் கட்டளைகள் வகுத்தார். 1930இல் லண்டனில் ‘டிடெக்‌ஷன் கிளப்’ உருவானது. ஜி.கே. செஸ்டர்டன் முதல் தலைவர்; டோரதி எல். சேயர்ஸும் கிறிஸ்டியும் உறுப்பினர்கள். புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு மண்டை ஓட்டின் மேல் சத்தியம் செய்ய வேண்டும்: தெய்வச் செயலாலோ குருட்டு அதிர்ஷ்டத்தாலோ முடிச்சை அவிழ்க்க மாட்டேன், முக்கியமான எந்தத் துப்பையும் வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன்.

சடங்கு விளையாட்டாகத் தோன்றலாம். உள்ளே இருந்தது ஆழ்ந்த மரியாதை. வாசகர் பணம் கொடுத்து வாங்குகிறவர் மட்டும் அல்ல, கதையில் பங்கு கொள்கிறவர் என்ற ஒப்புதல் அது. ‘வாசகர் ஊகங்கள்’ பகுதி அந்த ஒப்புதலை லட்சக்கணக்கானவர்கள் முன் பரீட்சைக்கு வைத்தது என்றே நான் எண்ணுகிறேன்.

இதற்குமேல் முடிச்சு அவிழ்கிறது. நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டி, கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒரே ஒரு கொலை

டான்காஸ்டரில் பந்தய நாளன்று ஒரு திரையரங்கின் இருளில் ஒருவர் குத்திக் கொல்லப்படுகிறார். கஸ்டின் சட்டைக் கையில் ரத்தம், பையில் கத்தி. பின்னர் அவர் ஆண்டோவர் காவல் நிலையத்துக்குத் தானாகவே வந்து சுருண்டு விழுகிறார். நினைவு தப்பும் நேரங்களில் தானே கொன்றிருப்போம் என்று அவரே நம்புகிறார். வழக்கு முடிந்தது என்கிறது காவல்துறை.

பொய்ரோவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்தத் தவறிய முகவரிக்குத் திரும்புகிறார். மூன்றாவது கடிதம் மட்டும் தாமதமாக வந்ததால் மூன்றாவது கொலை மட்டும் தடையின்றி நடந்தது. கொலைகாரனுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரே மரணம், காரணம் சொத்து. மற்றவர்கள் அதை மறைக்கக் கொல்லப்பட்டவர்கள். நான்கு கொலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கொலைக்கு யாரும் தனியாகக் காரணம் தேடுவதில்லை. கஸ்டுக்குக் காலுறை விற்கும் வேலையைக் கடிதம் மூலம் கொடுத்து, அந்தந்த ஊருக்கு அந்தந்த நாளில் அனுப்பி வைத்தவனும் அவனே. அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் இன்பம் வாசகருக்கு உரியது.

இந்த உத்தியின் விதை புதியதும் அல்ல. டிடெக்‌ஷன் கிளப்பின் தலைவர் செஸ்டர்டன் 1911இல் வெளியிட்ட ஃபாதர் பிரவுன் கதைத் தொகுப்பிலேயே, ஒரு பிணத்தை மறைக்க ஒரு போர்க்களத்தையே பிணங்களால் நிரப்பும் தளபதி வருகிறான். 24 ஆண்டுகளாக விடை நூலக அலமாரியில் இருந்தது. கிறிஸ்டி அதைப் போர்க்களத்திலிருந்து எடுத்து ரயில் நிலையங்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தார்.

ஆனால் நான் இந்த வரலாற்றைச் சொல்வது உத்தியை வியப்பதற்காக மட்டும் அல்ல. கஸ்டை ஏன் சந்தேகித்தோம்? அவர் ஏழை. நோயாளி. தனி ஆள். போரில் அடிபட்டுத் திரும்பி, நாடு மறந்துபோன மனிதர். 1935 இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்கள் தெருத்தெருவாக எதையாவது விற்று அலைந்தார்கள். அவர்கள் வாசகர் வீட்டுக் கதவையும் தட்டியிருப்பார்கள். அந்த முகத்தைக் கதைக்குள் கண்டதும் மனம் உடனே தீர்ப்பு எழுதியது. செல்வமும் நல்ல பேச்சும் உடைய இன்னொருவர், துயரப்பட்ட உறவினராக விசாரணை முழுக்க பொய்ரோவுக்கு அருகிலேயே இருந்தார். அவரை மனம் விட்டுவிட்டது. கிறிஸ்டி துப்பு எதையும் மறைக்கவில்லை. நம்முடைய மனச்சாய்வே அவற்றை மறைத்தது. இதைவிட நியாயமான ஏமாற்றம் இலக்கியத்தில் அரிது. இதைவிடக் கடுமையான பாடமும் அரிது. யாரைக் கொலைகாரன் என்று நினைக்கிறோம் என்பது, கொலைகாரனைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றி அதிகம் சொல்கிறது. நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் இன்றும் கஸ்டுகள் நிற்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது இந்த நாவல் நினைவுக்கு வந்தால், அதைப் படித்ததற்குப் பயன் உண்டு.

பூட்டி வைத்த கைப்பிரதி

தொடர் 1935 டிசம்பர் 12 அன்று முடிந்தது. தற்செயலாக அதே நாளில் நிஜமான பெக்ஸ்ஹில் கடற்கரையில் டி லா வார் பெவிலியன் என்ற புதுமையான கட்டடத்தை யார்க் கோமகனும் கோமகளும் திறந்துவைத்தார்கள். 1936 ஜனவரி 6 அன்று காலின்ஸ் நிறுவனம் நாவலை முழுப் புத்தகமாக வெளியிட்டது. ‘அக்ராய்டு’ காலத்துக் கோபம் இந்த முறை எழவில்லை. விதிகளை வாசகர்களும் கற்றுக்கொண்டிருந்தார்கள். தோற்றது நியாயமாகத் தோற்றது என்று ஒப்புக்கொள்ளும் பக்குவம் வந்திருந்தது. பத்தே ஆண்டுகளில் வாசகர் கூட்டம் ஒன்று இப்படி வளர்ந்தது வரலாற்றில் பெரிய செய்திதான்.

ஆனால் அவர்களுக்காக இன்னொரு பரீட்சை தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் குண்டுகள் விழுந்த காலத்தில் கிறிஸ்டி ஒரு நாவலை எழுதினார். அதில் ஐந்து கொலை வழக்குகள். ஐந்திலும் குற்றவாளிகள் வேறு வேறு. ஐந்துக்கும் அருகில் நின்றவன் ஒருவன். அவன் மீது சட்டப்படி ஒரு குற்றமும் சுமத்த முடியாது. எழுதி முடித்ததும் அவர் அந்தக் கைப்பிரதியைப் பதிப்பாளரின் அச்சகத்துக்கு அனுப்பவில்லை. உரிமையை மகளின் பெயருக்கு மாற்றி, பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பூட்டு திறக்கப்படவில்லை. 1975இல் திறந்தது. ஆகஸ்ட் 6 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் முதல் பக்கத்தில் ஓர் இரங்கல் செய்தியை வெளியிட்டது.

இறந்தவர் யார்? அந்தப் பெட்டகத்துக்குள் இருந்த காகிதங்களுக்கும் அந்த மரணத்துக்கும் என்ன தொடர்பு? பூட்டியவரே ஏன் அதைத் திறக்கச் சம்மதித்தார்?

(அடுத்த இதழில் தொடரும்)